இறுக்குதாங்க, அண்ணே?

போன மாதம் கொடைக்கானல் ஏரிக்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கடை வாசலில் கம்பளி மிட்டன்கள் கொத்தாகத் தொங்கின. நான்கு விரலுக்கும் சேர்த்து ஒரே பை, கட்டைவிரலுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் பை, அதுதான் மிட்டன். முப்பத்தோரு வருஷம் நான் பின்னிய பொருள். கை சும்மா இருக்குமா? ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரு சீட்டு தைத்திருந்தது. 'ஃப்ரீ சைஸ்' என்று போட்டிருந்தது.

"தம்பி, இது யார் கைக்கு?" என்று கேட்டேன்.

"எல்லார் கைக்கும் சேரும் ஆன்ட்டி. இழுத்தா இழுபடும்."

"அப்ப செருப்பையும் இப்படி ஒரே சைஸா விக்கிறதுதானே?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "வாங்கறதுன்னா வாங்குங்க ஆன்ட்டி, பனியில நிக்காதீங்க" என்றான். மிட்டனைத் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வீடு வந்து சேரும்வரை வாய்க்குள் முனகிக்கொண்டேதான் வந்தேன்.

இதை லில்லியிடம் சொன்னேன். என் கூட வேலை பார்த்தவள், இப்போது செண்பகனூரில் எங்கள் பின்னல் கூடத்தைப் பார்த்துக்கொள்பவள். அவள் சிரித்துவிட்டு, "இங்க மட்டும் என்ன வாழுதாம்? இப்ப ஆர்டர் எல்லாம் போன்லதான் வருது. கை அளவு என்னன்னு கேட்டா 'மீடியம்'னு அனுப்புறாங்க. பாதி திரும்பி வந்துடுது. நீங்க திட்டுறதை அப்படியே எழுதிக் குடுங்க அக்கா, புதுசா வந்திருக்கிறவங்க படிக்கட்டும்" என்றாள். திட்டச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை, தானாகவே வரும். கேட்டுவிட்டாளே என்று எழுத உட்கார்ந்தேன்.

நான் அந்தக் கூடத்தில் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கன்னியர் மடத்தின் பின்புறம், ஓட்டுக்கூரை போட்ட ஒரு நீளமான அறை. பன்னிரண்டு பேர் வேலை செய்தோம். முதல் வருஷம் நூல் சுற்றுவது, மஃப்ளர் பின்னுவது, அவ்வளவுதான். மஃப்ளருக்கு அளவு வேண்டாம்; எந்தக் கழுத்தானாலும் சுற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு தொப்பி, காலுறை, கடைசியில்தான் மிட்டன். எங்கள் மிட்டனைப் போட்டுக்கொண்டவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டு, வாட்ச்மேன்கள் உண்டு, விடியற்காலையில் பூசை வைக்கிற சாமியார்கள் உண்டு, மலைக்கு வந்து குளிரைப் பார்த்து மிரண்டு போன மதுரைக்காரர்களும் உண்டு.

கூடத்துக்குப் பொறுப்பு ஜெசிந்தா மிஸ். கன்னியாஸ்திரி அல்ல, கல்யாணமும் ஆகவில்லை. ஒல்லியாக, உயரமாக இருப்பார். கழுத்தில் ஜெபமாலை தொங்குகிற இடத்தில் இன்ச் டேப் தொங்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நம் பின்னலில் தப்பு இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருவார். ஊசியை உருவுவார். நூல் நுனியைப் பிடித்துச் சரசரவென்று பிரித்துக்கொண்டே, சந்தையில் கேரட் நன்றாக வந்திருக்கிறது, அடுத்த வாரம் பேராலயத்தில் திருவிழா என்று ஏதாவது பேசுவார். பேசி முடிக்கும்போது மூன்று நாள் வேலை ஒரு உருண்டையாகி நம் மடியில் இருக்கும். உருண்டை அவர் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். ஒரு தடவை அழுதே விட்டேன்.

"அழாத ஸ்டெல்லா. பிரிக்கிறது தண்டனை இல்ல. கணக்கு தப்புனா அழிச்சு எழுத மாட்டியா?" என்றார்.

மிட்டன் நிஜமாகவே கணக்குதான். முதலில் மாதிரித் துண்டு பின்ன வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம், அதே நூலில், அதே ஊசியில். அதை அலசி, காய வைத்து, நடுவில் டேப்பை வைத்து ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி, அதாவது நூல் வளையம், விழுந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். ஓரத்தில் எண்ணக் கூடாது, ஓரம் எப்போதும் சுருண்டுகொள்ளும். அலசாமல் எண்ணக் கூடாது, கம்பளி தண்ணீரைப் பார்த்த பிறகுதான் தன் அளவுக்கு வரும். அங்குலத்துக்கு ஐந்து கண்ணி, கைச் சுற்றளவு எட்டு அங்குலம் என்றால் நாற்பது கண்ணி. அரைக் கண்ணிதானே என்று விட்டால் தொலைந்தோம். ஐந்துக்குப் பதில் ஐந்தரை விழுந்திருந்தால் அதே நாற்பது கண்ணியில் முக்கால் அங்குலம் காணாமல் போயிருக்கும். கொடைக்கானல் மழைக்காலத்தில் உள்ளங்கை அளவு துண்டு காய மூன்று நாள் ஆகும். பொறுமை இல்லாமல் ஒருமுறை நான் அதை அடுப்பு மேலே தொங்கவிட்டேன். கருகின வாசனை கூடம் முழுக்க அடித்தது. மிஸ் கருகின துண்டை அலசி, என் மேசைமேல் காய வைத்துவிட்டுப் போனார்.

பின்னுகிறவளின் மனசும் கணக்கில் சேர்த்தி என்பது கல்யாணமான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒருமுறை இடது கைக்கு ஒன்று பின்னி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு என் வீட்டுக்காரருடன் பெரிய சண்டை. மறுநாள் வந்து வலது கைக்குப் பின்னினேன். அதே நூல், அதே ஊசி, அதே நாற்பது கண்ணி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வலது கை மிட்டன் ஒரு விரல் அகலம் சின்னதாக இருந்தது. மிஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டுல என்ன தகராறு?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. "ஒண்ணும் இல்ல மிஸ்" என்றேன்.

"சரி, ஒண்ணும் இல்ல. சமாதானம் ஆனப்புறம் இதைப் போடு" என்று சொல்லிப் பிரிக்க ஆரம்பித்தார். இரண்டு நாள் மஃப்ளர் பின்னினேன்.

இனி அளவெடுக்கும் விஷயம். புதிதாக வந்தவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். எங்கள் கூடத்தில் யார் அளவு கொடுக்க வந்தாலும் முதலில் டீ, பிறகுதான் டேப். உபசாரத்துக்காக இல்லை. வெளியிலிருந்து வருகிற கை குளிரில் சுருங்கியிருக்கும். அந்த அளவில் பின்னினால் மிட்டன் போட்டுக் கை சூடானதும் இறுக்கும். இன்னொன்று, அளவெடுக்கக் கையை நீட்டச் சொன்னால் எல்லோரும் போலீஸ்காரர் முன்னால் நிற்பதுபோல் விறைப்பாக நீட்டுவார்கள். விறைத்த கையின் அளவு பொய் அளவு. சூடான டம்ளரைப் பிடித்திருக்கிற கை, வளைந்து, தளர்ந்து, தன் இயல்பில் இருக்கும். டீயைக் குடித்து முடித்ததும் அந்த வளைவு போவதற்குள் அளவெடுப்போம். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி ஒன்று, மணிக்கட்டைச் சுற்றி ஒன்று, மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒன்று, அதே மடிப்பிலிருந்து கட்டைவிரல் இடுக்குவரை ஒன்று, கட்டைவிரலின் நீளமும் சுற்றளவும். வலது கைக்குத் தனியாக, இடது கைக்குத் தனியாக. உழைக்கிற கை எப்போதும் கொஞ்சம் பெரியது. கையைப் பழுப்புத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அளவுகளை அதிலேயே எழுதி, பெயர் போட்டு அலமாரியில் அடுக்கிவிடுவோம். அந்தத் தாளுக்கு ஆயுள் ஒரு வருஷம். அடுத்த வருஷம் அதே ஆள் வந்தாலும் புதிதாக அளக்க வேண்டும் என்பது மிஸ்ஸின் சட்டம்.

தபாலில் கை வரைந்து அனுப்புகிறவர்களும் உண்டு. திருச்சியிலிருந்து ஒருவர் தன் மனைவியின் கையை வரைந்து அனுப்பினார். பென்சிலை நேராக நிறுத்தாமல் வெளிப்பக்கம் சாய்த்துப் பிடித்து வரைந்திருக்கிறார் போலிருக்கிறது. நாங்கள் பின்னி அனுப்பிய மிட்டன் அவருக்கே கச்சிதமாக இருந்ததாம். அந்த அம்மாள் எழுதிய கடிதத்தில், 'இவ்வளவு வருஷமாக என் கையை இவர் பார்த்த லட்சணம் இதுதான்' என்றிருந்தது. அந்தக் கடிதத்தைக் கூடத்தில் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம்.

பின்னி முடித்த பிறகு போட்டுப் பார்க்கச் சொல்லி, "இறுக்குதாங்க? எங்கயாச்சும் குத்துதாங்க?" என்று கேட்போம். சொல்கிற இடத்தைச் சரி செய்து கொடுப்போம். இதில் நாங்கள் எல்லோரும் ஒரு சோம்பேறித்தனத்தைப் பழகி வைத்திருந்தோம். நூல் முடிந்து புது நூல் சேர்க்கும்போது முடிச்சுப் போடக் கூடாது. நுனிகளைப் பின்னலுக்குள்ளேயே ஓட்டி மறைக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அவசரத்தில் கடுகு அளவு ஒரு முடிச்சைப் போட்டுவிடுவோம். குத்தினால் போடுகிறவர்களே சொல்லிவிடுவார்கள், அப்போது எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு அது. மிஸ்ஸுக்குத் தெரியாது.

செல்லமுத்து அண்ணன் வந்தது அப்படி ஒரு அவசரமான கிறிஸ்துமஸ் சமயத்தில். கூக்கால்காரர். ஏரிக்கு மேலே சரிவில் பூண்டு போடுகிறவர். நாற்பது வயது இருக்கும், நல்ல உழைப்பாளி உடம்பு. முந்தைய வருஷம் காட்டுமாடு ஒன்று அவரை வலது தோளுக்குக் கீழே முட்டித் தூக்கிப் போட்டிருந்தது. எலும்பு கூடிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது என்றார்.

"கை மட்டும் எந்நேரமும் ஜில்லுன்னு கெடக்கும்மா. கம்பளி போட்டா சரியாப் போகும்னு சொன்னாக."

வலது கைக்கு மட்டும் ஒன்று போதும் என்றார். கொதிக்கக் கொதிக்க டீ கொடுத்தேன். மற்றவர்கள் என்றால் அந்த டம்ளரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், முந்தானையை, துண்டைச் சுற்றிப் பிடிப்பார்கள். இவர் இடது கையால் வாங்கி, வலது கைக்குள் வைத்து, அப்படியே ஆடாமல் பிடித்திருந்தார். அளவெடுக்க இப்படி ஒரு கை கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம். உள்ளங்கை எட்டேகால், மணிக்கட்டு ஆறேமுக்கால். ஐந்தே நாளில் பின்னிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார்.

"இறுக்குதாங்க அண்ணே?"

"இல்லம்மா. நல்லா இருக்கு."

"எங்கயும் குத்துதா?"

"ஒண்ணும் இல்லம்மா. வாரேன்."

இவ்வளவு சுலபமான ஆள் அந்த டிசம்பரில் வேறு யாரும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி அங்கம்மா தனியாக வந்தார். மஞ்சப்பையிலிருந்து மிட்டனை எடுத்து என் மேசையில் வைத்தார். கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. "கொஞ்சம் பெருசாப் போட்டுத் தாங்க தாயி" என்றுதான் கேட்டார். நான் உள்பக்கம் திருப்பினேன். மணிக்கட்டுப் பட்டையைச் சுற்றிலும், கட்டைவிரல் இடுக்கிலும் ரத்தம் காய்ந்து கம்பளி கட்டியாகியிருந்தது. இடுக்கில் என் முடிச்சு இருந்தது.

மிஸ் எழுந்து வந்தார். "அவருக்கு வலிக்கலையா?" என்று கேட்டார்.

"வலிச்சாத் தெரியுமேம்மா. அந்தக் கையில அவுகளுக்கு ஒண்ணுமே தெரியாது. மாடு முட்டுனதுலேருந்து அப்படித்தான். அடுப்புக் கங்கு பட்டாக்கூட வாசனை வந்துதான் பாக்கணும்."

"ஏம்மா இதை எங்ககிட்ட சொல்லல?"

அங்கம்மா தலை குனிந்துகொண்டார். "ஊருக்கே தெரியாதும்மா. கை விளங்கலைன்னு தெரிஞ்சா, காட்டை நான் உழுதுக்கறேன் நான் உழுதுக்கறேன்னு பங்காளிக வந்து நிப்பாக. அதான் வாயத் தொறக்குறதில்ல." பிறகு மெதுவாக, "கட்டைவெரலு இடுக்குல புண்ணு ஆழமாயிருச்சு. எலும்புக்குப் போச்சுன்னா வெரல எடுக்கணும்னு டாக்டரு சொல்றாரு" என்றார். கட்டைவிரல் போனால் மண்வெட்டி ஏது, பூண்டு ஏது?

அவர் போன பிறகு மிஸ் என் எதிரில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பிரிக்க எதுவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அன்னைக்கு அவருக்கு டீ யாரு குடுத்தா?"

"நான்தான் மிஸ்."

"சூடா இருந்துச்சா?"

"கொதிக்கக் கொதிக்க."

"கை மாத்துனாரா?"

அந்த ஆடாத கை என் கண்முன்னாலேயே இருந்தது. நான் பார்த்தேன், பார்த்துச் சந்தோஷமும் பட்டேன். மிஸ் எழுந்து போய் எல்லோருடைய மேசையிலும் இருந்த மிட்டன்களையும் உள்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பார்த்தார். அன்றைக்குப் பதினேழு முடிச்சு கிடைத்தது. நான்கு என்னுடையவை.

புண் ஆற ஒன்றரை மாதமானது. அந்த ஒன்றரை மாதமும் பூசைக்குப் போனால் எனக்கு வேறு வேண்டுதலே கிடையாது. விரல் தப்பியது. ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு புண் வந்தால் விரலுக்கு உத்தரவாதம் இல்லை. வெறுங்கையாக விடவும் முடியாது. குளிரில் அந்தக் கை நீலம் பாரித்துவிடும், முள்ளும் நெருப்பும் வேறு. கம்பளி வேண்டும், அது எங்கேயும் அழுத்தவும் கூடாது.

"நாமளே போய் அளந்துட்டு வருவோம்" என்றார் மிஸ்.

கூக்காலுக்குப் பஸ் அபூர்வம். வெள்ளனே கிளம்பி, பூம்பாறை, மன்னவனூர் வழியாகக் குலுங்கிக்கொண்டு போய் இறங்கினோம். செல்லமுத்து அண்ணனுக்கு எங்களைப் பார்க்கவே கூச்சம்.

"நான் சொல்லியிருக்கணும்மா. டீ சுடுதுன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

காலையில் அளந்தோம். உள்ளங்கை எட்டேகால், மணிக்கட்டு ஆறேமுக்கால், முன்பு எடுத்த அதே அளவு. என் அளவு தப்பில்லையே என்று ஒரு நிமிஷம் எனக்குள் அற்பமாக ஒரு ஆறுதல் வந்தது, மறைக்க மாட்டேன். திரும்பிப் போகச் சாயங்காலம்தான் பஸ். பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் காட்டுக்குப் போய் வந்தார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, சும்மா இருக்கிற டேப்தானே என்று மிஸ் இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டு டேப்பை என்னிடம் கொடுத்து, "நீ பாரு" என்றார். உள்ளங்கை ஒன்பது. மணிக்கட்டு ஏழரை. காலையிலிருந்து தொங்கிக்கொண்டே இருக்கிற கை, சாயங்காலத்துக்குள் நீர் கோத்து அவ்வளவு வீங்கியிருந்தது. ஆறேமுக்கால் மணிக்கட்டுக்கு இன்னும் ஒரு அங்குலம் குறைத்து இறுக்கமான பட்டை போட்டுக் கொடுத்திருந்தேன் நான். பகல் பஸ் ஒன்று இருந்திருந்தால் இது எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இரண்டாவது மிட்டனைச் சாயங்கால அளவுக்குப் பின்னினேன். மணிக்கட்டில் இழுத்துப் பிடிக்கிற பட்டையே கிடையாது, தளர்வான வெறும் பின்னல். பின்னலின் வழுவழுப்பான முகத்தை உள்பக்கமாகவும் மேடான முகத்தை வெளிப்பக்கமாகவும் வைத்தேன். நூல் நுனிகள் எல்லாம் வெளியே. மரத்துப்போன கையில் இன்னொரு சிக்கல் உண்டு: மிட்டனுக்குள் கையை நுழைக்கும்போது ஒரு விரல் மடங்கிக்கொண்டால் அவருக்குத் தெரியாது, நாள் முழுக்க மடங்கியே கிடக்கும். அதனால் சுண்டுவிரல் பக்கம் ஓரத்தைத் திறப்பாக விட்டு நான்கு பொத்தான் வைத்தேன். திறந்து கையை உள்ளே படுக்க வைத்து, விரல்களைக் கண்ணால் பார்த்து எண்ணிவிட்டு மூட வேண்டும்.

அவரும் அங்கம்மாவும் கூடத்துக்கு வந்தார்கள். மிட்டனைப் போட்டுவிட்டு மிஸ் சொன்னார்: "இனிமே வாயைக் கேக்காத. தோலைக் கேளு. ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம், இருபது நிமிஷம், போட்டிருக்கட்டும்." நான் ஜெபமாலை சொன்னேன். அங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து தன் பங்குக்கு முருகனைக் கும்பிட்டுக்கொண்டார். முடித்துக் கழற்றினால் சுண்டுவிரல் அடியில் சிவப்பாக ஒரு கோடு. அழுத்திப் பார்த்தேன், மறையவில்லை. மிஸ் வாங்கிப் பிரிக்க ஆரம்பித்தார். அடுத்த முறை கட்டைவிரல் மேட்டில் ஒரு தடம். மறுபடியும் பிரித்தார். மூன்றாவது முறை, ஜெபமாலைக்குப் பிறகு, தோலில் எதுவும் இல்லை. நாங்கள் நான்கு பேரும் ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். தினமும் இரண்டு வேளை கழற்றிப் பார்க்க வேண்டும் என்று அங்கம்மாவிடம் சொல்லி அனுப்பினோம். புண் திரும்ப வரவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பனி இறங்குவதற்கு முன்னால் செல்லமுத்து அண்ணன் வருவார். மலைப்பூண்டு ஒரு கட்டு கொண்டுவருவார். பழைய மிட்டன் மண்ணும் புகையுமாக நைந்து போயிருக்கும். புதிதைப் போட்டுவிட்டு, வாய் சும்மா இருக்காமல் நான் கேட்பேன்: "இறுக்குதாங்க அண்ணே?" அவர் கையை என்னிடம் நீட்டி, "என்னைய எதுக்குக் கேக்குறீங்க? அதுகிட்ட கேளுங்க" என்பார். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. பிறகு ஜெபமாலை, பிறகு தோலைப் பார்ப்பது.

மூன்றாவது வருஷம் எனக்குக் கொழுப்பு. அளவுத் தாளைப் புதுப்பிக்கவில்லை. அந்தக் கை எனக்குத் தெரியாதா என்ற நினைப்பில் முந்தைய வருஷத்துத் தாளைப் பார்த்தே பின்னி வைத்துவிட்டேன். அவர் வந்தார். விரல்களை எண்ணி உள்ளே வைத்து, பொத்தான்களை மூடினேன். ஜெபமாலையை எடுத்துக்கொண்டே வழக்கம்போல் கேட்டேன்.

"இறுக்குதாங்க அண்ணே?"

"லேசா இறுக்குதும்மா."

"சாயங்கால அளவுக்குத்தானே போட்டிருக்கேன், எப்படி இறு..."

ஜெபமாலையை மேசையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னோம் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. கூடத்தின் அந்தக் கோடியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த மிஸ் உருண்டையைப் போட்டுவிட்டு வந்தார். எதற்கும் பதறாத மனுஷி, அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன்.

"எங்க? எங்க இறுக்குது?"

அண்ணன் இடது கை விரலால் தொட்டுக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரம். மிஸ் மிட்டனைக் கழற்றச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். பின்னல் ஊசியின் மழுங்கிய பக்கத்தால் மெதுவாகத் தொட்டார்.

"இங்க?"

"தெரியலம்மா."

"இங்க?"

"இல்ல."

"இங்க?"

மூடின கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டார். "ஊசிதானேம்மா அது?" என்றார்.

அந்த இடம் இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. அதற்கு மேலே விரல்கள் எல்லாம் அப்படியேதான் மரத்துக் கிடந்தன. புதிதாக அளந்து பார்த்ததில் கட்டைவிரல் மேடு கால் அங்குலம் கூடியிருந்தது. சூம்பிக் கிடந்த இடத்தில் சதை வைத்திருந்தது. அங்கம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். நான் யாரையும் பார்க்காமல் ஓவென்று அழுதேன், வெட்கமே படவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "குடுங்க அண்ணே, ரெண்டு நாள்ல வெரசாத் தளத்தித் தாரேன்" என்று மிட்டனைக் கேட்டேன். அவர் கொடுக்கவில்லை. திரும்பவும் கையில் போட்டு, தானே இடது கையால் பொத்தான்களை ஒவ்வொன்றாக மூடினார்.

"இருக்கட்டும்மா. ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வருவேன், அப்பத் தாரேன். அதுவரைக்கும் இறுக்கமாவே போட்டுக்கறேன்."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் அங்கம்மாவைப் பார்த்தார். "வேளைக்கு வேளை கழத்திப் பாக்கணும்" என்றார். அங்கம்மா தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் காத்திருந்தேன். சந்தைப் பையோடு வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. மிட்டனைக் கழற்றி என் கையில் திணித்தார். தோலில் தடம் ஏதும் இல்லை, முதலில் அதைத்தான் பார்த்தேன்.

"போதும்மா, சரி பண்ணிக் குடுங்க. நாலு நாளா ஒரே தொந்தரவு. எப்படித்தான் இதைப் போட்டுக்கறாகளோ" என்று முகத்தைச் சுளித்தார், எங்கள் கூடத்துக்கு வருகிற எந்த வாடிக்கையாளரையும்போல.

திங்கட்கிழமை பிரித்து, இரண்டு கண்ணி கூட்டிப் போட்டுக் கொடுத்தேன்.